முகத்திரைத் தடை இன்று சட்டத்தில் இல்லை: வாசலில் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?

இலங்கையில் 2019 ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் ஆடைக்கு அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் தடை இருந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் அவசரகாலநிலை காலாவதியானது. தடையும் அதோடு போயிற்று. 2021இல் அமைச்சரவை புதிய தடைக்கு இணங்கியும் அது சட்டமாகவில்லை. மத சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், தலையை மட்டும் மறைத்து வந்த பெண்களைக்கூட "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லி அரச இடங்களின் வாசலிலேயே திருப்பியதை மலையகத்தில் பார்த்திருக்கிறேன்.

வாசலில் நிற்கும் காவலரோடு வாதாடாதீர்கள். நிர்வாக உத்தியோகத்தரைச் சந்தித்து, சுற்றறிக்கை எது, அதன் இலக்கம் என்ன, திகதி என்ன என்று கேளுங்கள். யார், எந்தப் பதவி, எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததை எழுதி அன்றைக்கே அவரிடம் கடிதம் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், மறுத்தால் பதிவுத்தபால். தமிழில் எழுதினால் போதும். "சிங்களத்தில் எழுதி வாருங்கள்" என்றால் அதற்காக வீடு திரும்பாதீர்கள்.

பலர் சிக்குவது காலக்கெடுவில். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சம்பவம் நடந்த நாளிலிருந்து நாட்கள் ஓடுகின்றன. "அடுத்த கிழமை வாருங்கள்", "பொறுப்பானவர் லீவு" என்று அலையவிடும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது. அலைக்கழித்தவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆகவே அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பிவிடுங்கள். கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. கட்டணமில்லை, சட்டத்தரணி தேவையில்லை. தபாலில் அனுப்பலாம், ஒரு நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏற வேண்டாம். விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், பிறகு போடும் மனுவை நீதிமன்றம் ஏற்காமல் விடலாம். விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். கோப்பு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சுற்றறிக்கையின் பிரதியைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்காக முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வழியெல்லாம் அரச அலுவலகம், அரச பாடசாலை, அரச வைத்தியசாலை போன்றவற்றுக்குத்தான். தனியார் கடைக்காரர் தடுத்தால் இது பொருந்தாது.

ஆளை அடையாளம் பார்ப்பது வேறு விடயம். முகத்தைக் காட்டச் சொன்னால் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள், காட்டிவிடுங்கள். அடையாள அட்டைப் படத்தில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். பதிவு பெற்ற ஸ்டூடியோவில் படமெடுக்கப் பெண் இருக்கிறாரா என்று முன்பே விசாரியுங்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் கவனம்: 2024இல் திருகோணமலையில் காதை மறைத்ததாகச் சொல்லி 70 மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன. மண்டபத்துக்குள் போகும் முன்பே மேற்பார்வையாளரிடம் அதிபர் மூலம் பேசி, பெண் ஆசிரியை ஒருவர் காதைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்று. பிரச்சினை பெரிதாகும்போது "விருப்பத்தோடு திரும்பிச் சென்றேன்" என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் எதிலும் கையொப்பமிடாதீர்கள்.