லவுஞ்ச் என்றால் லாஞ்சு இல்லை

ஊர் திரும்பும் நாள், நியூயார்க்கில் ஃப்ளைட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. "வாங்க சித்தப்பா, இங்க வின்டேஜ் லவுஞ்ச் ஒண்ணு இருக்கு, பாத்துட்டு வந்துடலாம்" என்றேன். சித்தப்பாவுக்கு நாகப்பட்டினம். அவர் காதில் அது லாஞ்சு என்றுதான் விழுந்திருக்கிறது. "ஏர்போர்ட்டுல ஏதுடா லாஞ்சு?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் மேல் தப்பில்லை. நாகப்பட்டினம் பக்கம் லாஞ்சு என்றால் விசைப்படகு. அந்தச் சொல் ஆங்கிலத்துக்கே போர்ச்சுகீசிய மொழி வழியாகத்தான் வந்தது, மூலம் மலாய். அங்கே வேகமாகப் போகிற படகுக்கு லஞ்சாரான் என்று பெயர். ராக்கெட் விடுகிற லாஞ்ச் வேறு சொல், ஃப்ளைட்டுக்குக் காத்திருப்பவர்கள் சொகுசாக உட்காரும் விமான நிலையத்து லவுஞ்ச் இன்னும் வேறு. மூன்றையும் நாம் ஒரே மாதிரி உச்சரித்துவிட்டு அப்புறம் முழிக்கிறோம். அதனால் தமிழில் எழுதும்போது நடுவில் அந்த 'வு' கட்டாயம் வேண்டும்.

சரி, லவுஞ்ச் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் அது முதலில் இடத்தின் பெயரே இல்லை, வினைச்சொல். 1500களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுத்தில் வருகிறது, பொருள் சோம்பலாகச் சாய்ந்து கிடப்பது, வேலை வெட்டி இல்லாமல் திரிவது. வேர் எது என்பதில் அகராதிக்காரர்கள் ஒத்துப்போகவில்லை. உடம்பை நீட்டிப் படுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சி சொல்வது சுவாரசியமானது: சிலுவையில் இருந்த இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்தியதாகச் சொல்லப்படும் ரோமானியச் சிப்பாய் லாங்கினஸ் பெயர் பழைய பிரெஞ்சில் சோம்பேறியைக் குறிக்கும் வசைச்சொல் ஆகி, அதிலிருந்து இது கிளைத்ததாம். எனக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது, நம்பத்தான் மனசு வரவில்லை. எப்படியோ, சாய்ந்து கிடப்பதைச் சொன்ன சொல், பிறகு சாய்ந்து கிடக்கும் அறைக்கும் ஆகி, பிரிட்டனில் வீட்டுக் கூடத்துக்கே பெயராகிவிட்டது.

விமான நிலையத்துக்குள் அது நுழைந்தது 1939இல். நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் இந்த வகையில் முதல். ஆரம்பத்தில் காசு இருந்தாலும் போக முடியாது, கம்பெனி கூப்பிட்டால்தான் உண்டு.

நாங்கள் போனது கென்னடி விமான நிலையத்தில் இருக்கும், டிடபிள்யூஏ என்ற விமானக் கம்பெனியின் பழைய கட்டடத்துக்கு. ஈரோ சாரினென் வடிவமைத்தது, 1962இல் திறந்தார்கள், அவர் அதற்கு முந்தைய வருஷமே இறந்துபோனார். 2001இல் மூடினார்கள், விமானக் கம்பெனியே அந்த வருஷம் இல்லாமல் போனது. 2019இல் அந்தக் கட்டடத்தை ஹோட்டலாகத் திறந்தார்கள். ஐந்தாம் டெர்மினலிலிருந்து சிவப்புக் கம்பளம் விரித்த குழாய் மாதிரியான நடையில் நடந்து போனால், கூரையில் நேர்க்கோடு என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தரை முழுக்கப் பொட்டு பொட்டாகச் சின்ன வெள்ளை ஓடுகள். நட்ட நடுவில் தரை இரண்டு மூன்று படி கீழே இறங்குகிறது, பள்ளத்தைச் சுற்றி மிளகாய்ப் பழச் சிவப்பில் மெத்தை இருக்கைகள், எதிரே பெரிய கண்ணாடி, அதற்கு வெளியே 1958ஆம் வருஷத்து லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று. இத்தாலியின் சொலாரி கம்பெனி செய்த அறிவிப்புப் பலகையில் எழுத்துத் தகடுகள் சடசடவென்று புரண்டு ஊர்ப் பெயர் மாறும். சித்தப்பா அதன் முன்னால் நின்று இரண்டு முறை புரளும் வரை நகரவில்லை. "அரவை மில்லு பெல்ட்டு அறுந்த மாதிரி சத்தம்டா" என்றார்.

உட்கார்ந்ததும் கேட்டார், "லவுஞ்சுன்னா தமிழ்ல என்ன?"

ஓய்வறை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே சரியில்லை என்று பட்டது. ரயில் நிலையத்தில் வாடகைக்கு விடும் அறைக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது, போதாக்குறைக்குக் கழிப்பறையை நாசூக்காகச் சொல்லவும் சிலர் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். காத்திருப்போர் அறையும் ரயில்வே சொத்து, இரும்பு பெஞ்சும் ஃபினாயில் வாசனையும்தான் ஞாபகம் வரும். இளைப்பாறு கூடம் என்பது அழகான தமிழ். இளைப்பு ஆறுவது, அதாவது களைப்பு சூடு மாதிரி மெல்லத் தணிவது, அந்தப் பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இலங்கைத் தமிழில் இளைப்பாறுவது என்றால் பணி ஓய்வு பெறுவது. திருச்சியிலிருந்து கொழும்புக்குத் தினம் ஆட்கள் போய்வருகிறார்கள், பலகையைப் பார்த்து ஓய்வூதியக்காரர்களுக்கு மட்டும்தான் என்று யாராவது ஒதுங்கிப் போனால் பாவம்.

சித்தப்பாவே ஒரு சொல் கொடுத்தார், சத்திரம். "போற வர்றவனுக்கு உக்கார எடம், சாப்பாடு. சத்திரந்தானே?" நியாயமான கேள்விதான். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது, ராமேசுவரம் போகிறவர்களுக்கு அங்கே சோறு போட்டார்கள். சத்திரம் வடமொழியின் சத்ர, நெடுநாள் நடக்கும் வேள்வியைக் குறித்தது, பிறகு அன்னதானம் நடக்கும் இடமானது. இன்னும் பின்னால் போனால் தூய தமிழிலேயே பொதியில் இருக்கிறது, பொது இல். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் "வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்" என்று வரும். வம்பு என்றால் புதுமை, வம்பலர் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், சேக்கும் என்றால் தங்கும். வெளியூர்க்காரன் வந்து தங்கும் இடம். இதை விடப் பொருத்தமான சொல் கிடைக்குமா என்று தோன்றும்.

பொருந்தாது. பொதியிலும் சத்திரமும் யார் வந்தாலும் உள்ளே விடும். லவுஞ்ச் வாசலில்தான் ஆளைப் பிரிக்கிறது. நம்ம ஊர்ப் பக்கம் ஒரு விமான நிலையத்தில் என் கார்டை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்த பையன், "சார், போன மூணு மாசத்துல நீங்க செலவு பண்ணது பத்தலையாம்" என்றான். சிக்கனமாக இருந்ததற்கு அபராதமாக வெளியே நின்று பத்து ரூபாய்க் காபியை இருநூறு ரூபாய்க்குக் குடித்தேன். அந்த இடத்துக்குப் பொதியில் என்று பலகை மாட்டினால் பட்டினப்பாலைக்கே அவமானம்.

அப்புறம் என்னதான் சொல்? வினையிலிருந்துதான் பிடிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் "செத்த சாஞ்சுக்கறேன்" என்பார்கள். அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, யாரையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதும் இல்லை. பழைய வீட்டுத் திண்ணையில் ஓரமாக ஒரு சரிவு கட்டியிருப்பார்கள், தலை வைக்க. சாய்மானம் என்று பெயர். எங்கள் வீட்டுச் சாய்மானத்தில் மூன்று தலைமுறை எண்ணெய்த் தலை பட்டு, அந்த ஒரு சாண் இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கும். ஸ்காட்லாந்துக்காரன் சொன்ன வினைக்கு நேர்ச்சொல் இந்தச் சாய்தல்தான். அறைக்கு நம் வீட்டுக் கூடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் சாய்கூடம். என் கைச்சரக்குதான், அகராதியில் தேடாதீர்கள். அரசுப் பலகைக்கு இது விளையாட்டாகத் தெரிந்தால், இலங்கைக்காரர்கள் மன்னிக்கட்டும், இளைப்பாறு கூடம் என்றே எழுதிக்கொள்ளலாம். ஓய்வறை மட்டும் வேண்டாம்.

வின்டேஜ் என்ற ஒட்டுக்கும் ஒரு வார்த்தை. அது பழையது என்ற பொருளில் பிறந்த சொல் இல்லை. லத்தீனில் திராட்சைப் பறிப்பு, அதாவது அறுவடை. பிறகு இந்த வருஷத்துத் திராட்சையில் செய்த ஒயின் என்று விளைந்த வருஷத்தைச் சொல்லும் சொல்லானது, அதிலும் நல்ல வருஷத்துச் சரக்கு என்று பெயர் வாங்கி, கடைசியில் கார் வரை வந்தது. பிரிட்டனில் 1919 முதல் 1930 வரை செய்த கார்கள்தான் கணக்குப்படி வின்டேஜ். டெல்டாக்காரனுக்கு இது புரியாத சங்கதி இல்லை. புது அரிசி குழையும், விருந்துக்குப் போன வருஷத்துச் சம்பாவைத்தான் எடுப்பார்கள். பழசு என்பதற்காக இல்லை, பழகியதால் பதம் வந்திருக்கும் என்பதற்காக. ஆகவே உண்மையிலேயே அந்தக் காலத்தது என்றால் அந்தக் காலத்துச் சாய்கூடம் என்று சொல்லலாம். நேற்றுக் கட்டிவிட்டு, தோல் பெட்டியும் மங்கிய சுவரொட்டியும் வைத்துப் பழசு மாதிரி காட்டினால் அது பழம்பாணி. பழமை வேறு, பழம்பாணி வேறு. புது அரிசியை வறுத்துப் பழைய அரிசி என்று விற்கிற மாதிரி.

டிடபிள்யூஏ இடத்தில் கட்டடம் அந்தக் காலத்தது, பக்கத்தில் எழுப்பிய ஹோட்டல் அறைகள் பழம்பாணி. உள்ளே வர யாரும் கார்டு கேட்கவில்லை. சித்தப்பா சிவப்பு மெத்தையில் செத்த சாய்ந்தார், குறட்டை வந்த பிறகுதான் எழுப்பினேன்.

ஊருக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஏர்போர்ட்டுக்குள்ள ஒரு முற்றம் கட்டிருக்கான்யா. செவப்பு மெத்த போட்டு. மழ பேஞ்சாத்தான் தண்ணி விழாது."