படகு போகும், வலை போகுமா?

கடலில் எதையாவது கட்ட நினைத்தால், அங்கே யார், எப்போது, என்ன வலை விடுகிறார்கள் என்று கணக்கெடுப்பது என் வேலை. வேதாரண்யத்தை அடுத்த ஆறுகாட்டுத்துறையில், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கடற்காற்றாலை வரிசையின் மாதிரிப் படத்தைக் காட்டினேன். கோபுரத்துக்குக் கோபுரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். படகு தாராளமாகப் போகும் என்றேன். பெரியவர் ஒருவர் சிரித்தார். "படகு போகும் தம்பி. வலை?"

வழிவலை விட்ட இடத்தில் நிற்பதில்லை. இரவு முழுக்க நீரோட்டத்தோடு மிதக்கும். படகும் கூடவே போகும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீள வலை கோபுரத்தில் சுற்றிக்கொண்டால் வலையும் போயிற்று, அன்றைய பாடும் போயிற்று. படத்தில் காலியாகத் தெரியும் அந்த இடம் தூண்டில்காரருக்குக் கடல், வழிவலைக்காரருக்கு வேலி. போதாக்குறைக்கு, சர்வதேசக் கடல் சட்டம் ஒவ்வொரு கட்டுமானத்தைச் சுற்றியும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போட இடம் தருகிறது. இருபுறமும் 500 போனால் மிச்சம் என்ன? வளையம் எவ்வளவு, கட்டும் காலத்துக்கு மட்டுமா என்பதை, கடற்பரப்பை நிறுவனங்களுக்கு ஏலம் விடும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

நாகைக் கரைக்கு இன்னும் எதுவும் வந்துவிடவில்லை. தமிழகத்தில் குறித்திருப்பது மன்னார் வளைகுடாப் பக்கம். 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 7,453 கோடி ரூபாய்க் கடற்காற்றாலைத் திட்டத்தில் தமிழகத்தின் பங்கு 500 மெகாவாட். பேச இதுவே நல்ல நேரம்.

காற்றாலையின் அடித்தூணை அறைந்து இறக்கும் ஓசையால் ஐரோப்பாவின் வட கடலில் கடற்பன்றிகள் (ஓங்கில் போன்ற பாலூட்டிகள்) பல கிலோமீட்டர் விலகிப் போயின. ஜெர்மனியில் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை விட்டு ஓசையைக் குறைக்கிறார்கள். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கும் நமக்கு அந்தத் திரை ஆடம்பரம் அல்ல. கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளில் பல இரவில் பறப்பவை. காற்றாலையால் அவற்றுக்கு ஆபத்து உண்டா என்று பகலில் தொலைநோக்கியோடு ஒரு வாரம் நின்று எண்ணுவது, என்னைக் கேட்டால், வெறும் சடங்கு.

நன்மையும் உண்டு. தூணில் மட்டி ஒட்டும், மீன் அண்டும். மீன் அண்டுவதற்காகக் கடலடியில் கான்கிரீட் செயற்கைப் பார் (பாறைத்திட்டு) இறக்கிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அண்டிய மீனைப் பிடிக்க விடுவார்களா என்பதுதான் கேள்வி.

இழப்பீடு என்றால் படகுப் பதிவில் பெயர் உள்ளவரைத் தேடுகிறார்கள். பங்குக்குக் கடலுக்குப் போகிறவர், கூடை சுமக்கும் பெண், கருவாடு போடுகிறவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்?

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது எடுத்த கணக்கில் கடல் பாதி காலியாகத்தான் இருக்கும். யாராவது ஆய்வறிக்கையோடு ஊர்க்கூட்டத்துக்கு வந்தால், முதலில் தேதியைப் பாருங்கள்.