திருவோணத்துக்குப் பக்கத்தில் நடந்த வெடிப்பு

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசிப் பௌர்ணமி. கோவையிலும் ஈரோட்டிலும் பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, மணி 6.47. அந்த நேரத்தில் கொங்கு வட்டாரத்தில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் உச்சியில் இருப்பது திருவோண நட்சத்திரம். அதற்கு வடமேற்கே, கையை நீட்டி அளந்தால் ஒரு சாணுக்கும் குறைவான இடத்திலிருந்து ஒரு காமாக் கதிர் வெடிப்பின் கதிர்கள் (எக்ஸ்ரேயைவிட ஆற்றல் மிக்கவை) வந்து சேர்ந்தன. இதுவரை கருவிகள் பதிவு செய்த வெடிப்புகளிலேயே பிரகாசமானது அதுதான். ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நடந்தது.

கீழே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காமாக் கதிரைக் காற்று மண்டலம் தரைவரை விடாது. அது கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் இல்லை. ஆனால் இந்தியாவில் மின்னலைக் கண்காணிக்கும் கருவிகள் அதை உணர்ந்தன. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் மணிக்கணக்கில் கலங்கியது. அந்தக் கதிர்கள் கிளம்பி 190 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. அவை கிளம்பியபோது பூமியில் மரமும் இல்லை, மீனும் இல்லை. அவ்வளவு தூரத்தில் நடந்த ஒன்று நம் ஊர் வானத்தின் மின்னூட்டத்தையே மாற்றியது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இந்த வகை வெடிப்பு எப்படி உண்டாகிறது? சூரியனைப் போலப் பல பத்து மடங்கு நிறை கொண்ட, வேகமாகச் சுழலும் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மையத்தில் எரிபொருள் தீர்ந்ததும் உள்ளே இருப்பது தன் எடையிலேயே நொறுங்கிக் கருந்துளையாகிறது. மிச்சப் பொருள் கருந்துளையைச் சுற்றிச் சுழன்றபடி உள்ளே விழும்போது, சுழல் அச்சின் இரண்டு முனைகளிலும் பொருள் பீறிட்டுக் கிளம்புகிறது. அதன் வேகம் ஒளியின் வேகத்துக்கு மிக மிக அருகில். அது நட்சத்திரத்தின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்போது, உள்ளுக்குள்ளேயே வேக வேறுபாட்டால் மோதிக்கொண்டு காமாக் கதிரைக் கக்குகிறது. பீறிடும் பொருள் சில பாகை அகலம்தான் இருக்கும். நம்மை நோக்கித் திரும்பியிருந்தால்தான் நமக்குத் தெரியும். மற்றவை வேறு யாருக்கோ.

இரண்டு விநாடிக்கும் குறைவான குட்டி வெடிப்புகளில் பெரும்பாலானவற்றின் கதை வேறு. செத்த நட்சத்திரத்தின் அடர்ந்த மிச்சமான நியூட்ரான் நட்சத்திரங்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் மோதுவதால் வருபவை அவை. 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படி ஒரு மோதலில் கிளம்பிய ஈர்ப்பு அலை (வெளியையே அதிரவைக்கும் அலை) வந்து 1.7 விநாடியில் காமாக் கதிரும் வந்தது, சந்தேகம் தீர்ந்தது. இங்கே நான் பேச வந்தது, நட்சத்திரம் நொறுங்குவதால் வரும் நீண்ட வெடிப்புகளைப் பற்றி.

இவற்றை முதலில் பார்த்தவர்கள் இதைத் தேடிப் போகவில்லை. ரகசிய அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்களில் 1967 ஜூலை 2 அன்று முதல் வெடிப்பு பதிவானது. 1973-இல்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். அப்புறம் கால் நூற்றாண்டு முழுக்க ஒரே கேள்வி: இது நம் பால்வீதிக்குள் நடக்கிறதா, வெளியேயா? 1991-இல் ஏவிய காம்ப்டன் ஆய்வகம் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை பால்வீதியின் பட்டை மேல் குவியாமல் வானம் முழுக்கச் சமமாகச் சிதறியிருந்தன, வெளியே நடக்கிறது என்பதற்கு அது ஒரு குறி. 1997-இல் பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக்கோள், வெடிப்புக்குப் பிறகு மங்கிக்கொண்டே போகும் பின்னொளியைப் பிடித்தது. அந்த ஆண்டு மே மாத வெடிப்பு ஒன்றின் பின்னொளியைப் பெரிய தொலைநோக்கியில் நிறமாலையாகப் பிரித்ததும் விடை கிடைத்தது. பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவு.

என்னைப் பொறுத்தவரை சுவையான கட்டம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. திருப்பூரில் பனியன் துணியைச் செக்கிங் மேசையில் விரித்து, அடியில் டியூப்லைட் போட்டுப் பார்ப்பார்கள். எங்கே ஓட்டை, எங்கே இழை தடித்திருக்கிறது என்று துணியின் குறையெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பின்னொளியை வானியலாளர்கள் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். வெடித்த நட்சத்திரத்தைச் சுற்றிலும் அதன் விண்மீன் மண்டலத்தின் (நம் பால்வீதியைப் போன்ற நட்சத்திரக் கூட்டத்தின்) வாயு இருக்கிறது. அந்த வாயுவைத் தாண்டித்தான் ஒளி வெளியே வர வேண்டும். வரும் வழியில் ஒவ்வொரு தனிமமும் தனக்கான அலைநீளத்தை மட்டும் விழுங்கிக்கொள்ளும். நிறமாலையில் அந்த இடங்கள் கறுப்புக் கோடுகளாக விழும். எந்தக் கோடு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று அளந்தால் அந்த மண்டலத்தில் என்னென்ன இருந்தன, எவ்வளவு இருந்தன என்று சொல்லிவிடலாம்.

ஒரு உதாரணம். 2005 செப்டம்பர் 4 அன்று பதிவான வெடிப்பை ஹவாய் தீவிலுள்ள சுபாரு தொலைநோக்கி மூன்று நாள் கழித்துப் பார்த்தது. பிரபஞ்சத்துக்குச் சுமார் 90 கோடி வயதே ஆகியிருந்த காலத்து ஒளி அது. அதில் கார்பன், ஆக்சிஜன், சிலிக்கான், கந்தகம் ஆகியவற்றின் கோடுகள் இருந்தன. இந்தத் தனிமங்கள் பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பில் உண்டானவை இல்லை. நட்சத்திரங்களுக்குள் வெந்து வர வேண்டியவை. அப்படியென்றால் அதற்கு முன்பே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து செத்திருக்க வேண்டும்.

தொலைவை அறியவும் இதே நிறமாலைதான். ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளியை ஆவேசமாக விழுங்கும். பிரபஞ்சம் விரிவதால் அந்த வெட்டு, பயணம் நீள நீள, சிவப்புப் பக்கம் நகர்ந்துகொண்டே போகும். 2009 ஏப்ரல் 23 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் கண்ட வெடிப்பில் அது 1,100 நானோமீட்டரைத் தாண்டி அகச்சிவப்பில் கிடந்தது. மூல அலைநீளத்தைப் போல 9.2 மடங்கு. பிரபஞ்சத்துக்கு அப்போது வயது சுமார் 63 கோடி ஆண்டுகள். அந்த வெடிப்பு நடந்த மண்டலத்தைப் பிற்பாடு ஹப்பிள் தொலைநோக்கி தேடிப் பார்த்தும் அது தென்படவில்லை. ஹப்பிளுக்கே எட்டாத அளவு சிறிய, மங்கலான மண்டலம் ஒன்று அங்கே இருந்ததை, ஒரே ஒரு நட்சத்திரத்தின் சாவு காட்டிக்கொடுத்தது. ஆரம்பக் காலத்து நட்சத்திரங்களில் பெரும்பங்கு இப்படிப்பட்ட குட்டி மண்டலங்களில்தான் பிறந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு இது நல்ல ஆதாரம். பிரகாசமான மண்டலங்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும்.

தொலைதூர மண்டலங்களை வைத்துப் பிரபஞ்சத்தின் வரலாற்றைத் தேடும் வேலை நமக்குப் புதிது அல்ல. மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் ஊட்டிக்கு அருகே முத்தொரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் முடித்தார்கள். அவர்கள் தேடி எடுத்த மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றே, சுமார் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்திலுள்ள ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். ரேடியோ அலைகளை வீசும் தொலைதூர விண்மீன் மண்டலங்களை நிலா மறைக்கும் நொடியைப் பிடித்து அவற்றின் அளவைக் கணித்தார்கள். பிரபஞ்சம் என்றும் மாறாமல் இப்படியே இருக்கிறது என்ற கொள்கைக்கு எதிராக அந்த அளவீடுகள் நின்றன.

அதே ஸ்வரூப் பிறகு புனே அருகே நாராயண்காவில் ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கியை உருவாக்கினார். 2022-இல் திருவோணத்துக்குப் பக்கத்தில் நடந்த வெடிப்பின் ரேடியோ பின்னொளியை அளந்த தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. எக்ஸ்ரேயும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கிப்போன பிறகும் ரேடியோ அலைகள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். பீறிட்ட பொருள் சுற்றுப்புற வாயுவில் மோதி வேகம் குறைந்து, பக்கவாட்டில் விரியும் கட்டம் அது. அப்போது அளந்தால்தான் வெடிப்பின் மொத்த ஆற்றலை, எந்தத் திசையில் எவ்வளவு போனது என்ற ஊகம் அதிகம் இல்லாமல் கணக்கிட முடியும்.