ஒரே தும்பை, இரண்டு சேதி

ஓணத்துக்கான பூக்கோலமாகிய பூக்களம் தொடங்கும் அத்தம் நாளன்று, கேரளத்தின் பாறசாலைப் பக்கம் பழைய வழக்கம் விடாத வீட்டு முற்றத்தில் ஒரு கைப்பிடி தும்பைப்பூ வட்டமாகக் கிடக்கும். திருவோணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் என்று அர்த்தம். நாளுக்கு ஒரு வளையம் கூடும். வளையத்தை எண்ணினால் நாள் தெரியும். சிவப்புப் பூ சோதி நாளிலிருந்துதான் சேரும் என்ற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. அங்கே சிவப்பு இருந்தால் குறைந்தது மூன்றாம் நாள்.

அதே தும்பைக்குப் போரைப் பாடும் பழந்தமிழ்ப் புறத்திணையில் சேதி வேறு: நேருக்கு நேர் போர். வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறார்கள், கரந்தை என்றால் மீட்க வருகிறார்கள். உழிஞை கோட்டையை வளைப்பவனுக்கு, நொச்சி காப்பவனுக்கு. இப்படி எதிரெதிர் சோடியாகப் பிரித்து இலக்கணம் சொல்வது புறப்பொருள் வெண்பாமாலை. தும்பைக்கு மட்டும் எதிர்ப்பூ கிடையாது, இரண்டு தரப்பும் அதையே சூடும். அப்படியானால் எவன் யார் படை? அதற்கு இன்னொரு பூ. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. ஒரு பூ ஆளைச் சொல்லும், மற்றது செயலைச் சொல்லும். கச்சிதமான சங்கேதம்.

ஐரோப்பாவில் 1819-இல் சார்லொட் த லத்தூர் என்ற பெயரில் வந்த பிரெஞ்சு நூலுக்குப் பிறகு பூமொழி அகராதிகள் குவிந்தன. ஒரே பூவுக்கு ஆளுக்கொரு பொருள். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே அகராதி வைத்திருந்தால்தான் செண்டு பேசும். புறத்திணையில் அந்தச் சிக்கல் இல்லை; பூ கொஞ்சம், பொருள் எல்லாருக்கும் தெரிந்தது.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, சேதியைப் படித்து முடிக்கும் வரை நிறமும் தாங்க வேண்டும். தும்பையில் வெள்ளைச் சாயம் ஏதும் இல்லை. இதழுக்குள் இருக்கும் காற்று இடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. நசுங்கினால் காற்று போய், இதழ் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். செம்பருத்தியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற சாயம். சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் நீலம் ஏறும். வட்டம் போடச் சுண்ணாம்புப் பொடி எடுத்தால், கசங்கிய இதழ் கோட்டோரமாக நிறம் மாறுவது இதனால்தான். அரிசிமாவு போதும். கேந்தியின், அதாவது செண்டுமல்லியின், மஞ்சள் கரோட்டினாய்டு என்ற சாயம், தண்ணீரில் கரையாது. வாடாமல்லியில் நிறமாகத் தெரிவது இதழே அல்ல, காகிதம் போன்ற பூவடிச் செதில். முன்பே உலர்ந்ததில் வாட என்ன இருக்கிறது!

கணக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நடுவட்டத்தின் ஆரம் 10 செ.மீ., அடுத்தடுத்த வளையங்களின் அகலமும் 10 செ.மீ. என்றால், பூவின் அளவு 1, 3, 5 என்று ஏறி, நடுவட்டத்தையும் சேர்த்து எண்ணினால் பத்தாவது வளையத்தில் 19 மடங்காகும். நடுவட்டத்துக்கு 50 கிராம் இதழ் பிடித்தால், கடைசி வளையத்துக்கு 950 கிராம், மொத்தக் களத்துக்கு 5 கிலோ. இது உதிர்த்த இதழின் எடை. தோவாளைப் பூச்சந்தையில் முழுப்பூவாக வாங்கினால் காம்புக்கும் புல்லிக்கும் சேர்த்துக் கூட வாங்க வேண்டும். நடுவில் ஆணி அடித்து, கயிற்றில் பத்துப் பத்து செ.மீ.க்கு முடிச்சுப் போட்டுச் சுற்றினால் வளையம் கோணாது. கண்ணளவில் போட்டால் அகலம் ஏறி இறங்கும், வளையத்தை எண்ணுவதும் குழம்பும்.

தும்பை நடுவில் இருப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. பறிக்கச் சிரமமான சின்னப் பூ, குறைவாக வேண்டிய இடத்தில் நிற்கிறது; கிலோக் கணக்கில் கிடைக்கும் கேந்தி வெளிச்சுற்றை நிரப்புகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதழ் பறக்காமல் இருக்க வெளி வளையங்களில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தும்பையில் ஈரம் படக்கூடாது, அதைக் கடைசியாக, கையைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும்.