பட்னாவைரஸ் – சொல் விளக்கம்

பார்த்தவுடன் பீகாரின் பாட்னா நினைவுக்கு வரும். ஆனால் இது ஊர்ப்பெயர் அன்று; செடிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் பேரினத்தின் பெயர். கோல் வடிவம் கொண்டது என்று பொருள்படும் 'பேசில்லிஃபார்ம்' (bacilliform) என்ற சொல்லின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு 'டிஎன்ஏ'வைச் சேர்த்து ஒட்டிய பெயர் இது.

பேசில்லஸ் என்றால் லத்தீனில் சிறு கோல். வைரஸ் என்றால் நஞ்சு. நமக்குப் பழக்கமான 'விஷம்' என்ற வடசொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே நச்சுயிரி என்பது பொருத்தமான தமிழ்.

முழுப் பெயரையும் 'கோலுரு டிஎன்ஏ நச்சுயிரி' என்று சொல்லலாம். சுருக்கமாகக் 'கோலுரு நச்சுயிரி' போதாதா? போதாது. புகையிலைத் தேமல் நச்சுயிரியும் கோல் வடிவம்தான், அதற்குள் இருப்பதோ டிஎன்ஏவுக்கு உறவான இன்னொரு மரபுப்பொருளான ஆர்என்ஏ. செடிகளைத் தாக்கும் நச்சுயிரிகளில் பெரும்பாலானவை ஆர்என்ஏ வகை என்பதால், டிஎன்ஏ என்பதே இதன் அடையாளம். அந்த இடத்தில் 'மரபணு' என்று எழுதுவதும் தவறு. மரபணு என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதி.

இந்த நச்சுயிரி மேற்கு ஆப்பிரிக்காவின் வள்ளிக்கிழங்கில் பரவலாகக் காணப்படுகிறது. நம் ராசவள்ளியும் அந்தப் பேரினம்தான். சேனையும் சர்க்கரைவள்ளியும் வேறு குடும்பங்கள். மாவுப்பூச்சி இதைப் பரப்புகிறது. கிழங்கையே வெட்டி நடுவதால் தலைமுறை தலைமுறையாகவும் தொற்று கூடவே வருகிறது.

சரி, கண்டது புதிய இனம் என்று எப்படி முடிவு செய்வது? 'மரபுத்தொகை இயல்பறிதல்' என்று நான் சொல்ல விரும்பும் வேலை, அதாவது ஓர் உயிரியின் மரபுச் செய்தி முழுவதையும் (மரபுத்தொகை) படித்து அதன் தன்மையை அறிவது, இங்கேதான் வருகிறது. வள்ளியில் காணும் இந்த நச்சுயிரிகளின் வட்ட டிஎன்ஏவில் ஏறக்குறைய 7,000 முதல் 8,000 எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) இருக்கும். அதில் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதிக்கான பகுதியை, ஏற்கெனவே அறிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு 20 விழுக்காட்டைத் தாண்டினால் புதிய இனம்.

ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் பயிராகும் கினி வள்ளியின் சொந்த மரபுத்தொகைக்குள்ளேயே இந்த நச்சுயிரிகளின் பழைய துண்டுகள் பதிந்து கிடக்கின்றன. தொற்றே இல்லாத இலையும், டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் 'உண்டு' என்று காட்டிவிடலாம். அதனால்தான் வட்ட டிஎன்ஏவை முதன்மையாகப் பெருக்கும் 'உருள்வட்டப் பெருக்கம்' என்ற முறையையும் பயன்படுத்துகிறார்கள். பதிந்து கிடப்பதை 'உட்பதிந்த வரிசை' என்றும், தொற்றிப் பரவுவதை 'நச்சுயிரி' என்றும் தமிழில் பிரித்தே எழுத வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் சொன்னால், நல்ல விதைக்கிழங்கும் நோய்க்கிழங்கு என்று ஒதுக்கப்படும்.