ஹெட் கிளீனிங்கை மறுபடி அழுத்துவதற்கு முன்

நீண்ட விடுமுறைக்குப் பிறகு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா பக்கத்து ஃபோட்டோ கடைகளில் வழக்கமாக எழும் புகார்: இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்தில் முகம் பச்சையடிக்கிறது, கோடு கோடாக விழுகிறது. உடனே ஹெட் கிளீனிங் (இங்க் தெளிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்ளும் வசதி), சரியாகவில்லை என்றால் மறுபடியும் கிளீனிங். அடைப்பைவிட இந்த அவசரம்தான் கேடு. கிளீனிங் என்பது கீழிருந்து பம்ப் இங்கை உறிஞ்சுவது. உறிஞ்சியதெல்லாம் கழிவு இங்க் பேடில் போய்ச் சேரும்; பேட் நிரம்பிய கணக்கு வந்துவிட்டால் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். எப்சன் இக்கோடேங்க் (இங்க் டேங்க் உள்ள பிரிண்டர்) கையேடுகள் பலவற்றிலும், 3 முறை செய்தும் பலனில்லை என்றால் குறைந்தது 12 மணி நேரம் பிரிண்டரைச் சும்மா விடச் சொல்லியிருக்கிறது.

முதலில் நோசில் செக் (ஹெட்டின் நுண்துளைகளான நோசில்கள் எல்லாம் இங்க் விடுகின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) இரண்டு தாள் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் கோடு விட்டிருந்தால் அங்கே இங்க் காய்ந்திருக்கிறது. இடம் மாறி மாறி விட்டால் காற்று புகுந்திருக்கும், அல்லது இங்க் வரத்து போதவில்லை. அதற்குச் சுத்தம் செய்யும் எந்தத் திரவமும் உதவாது. இரவு முழுக்க ஓய்வு கொடுத்தாலே பல நேரம் சரியாகும். ஒரு கலர் அடியோடு காணோமா? டேங்க், டேம்பர் (ஹெட்டுக்குள் இங்க் போகும் வழியில் இருக்கும் சிறு பெட்டி), கேப் மூன்றையும் பாருங்கள்.

கேப்பைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஹெட் வந்து நிற்கும் ஓரத்தில், ரப்பர் விளிம்போடு இருக்கும் சிறு தொட்டி அது. விளிம்பில் காய்ந்த இங்க் ஒட்டியிருந்தாலோ ஒரு முடி கிடந்தாலோ மூடல் பிடிக்காது; பம்ப் இங்குக்குப் பதில் காற்றை இழுக்கும், இரவில் நோசிலும் காயும். பிரிண்டரை ஆன் செய்து ஹெட் நடுவுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரமான ஃபோம் குச்சியால் விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். கேப்புக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் 2 அல்லது 3 மில்லி டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, பிளக்கை மாட்டி ஆன் செய்து, பிரிண்டரின் சொந்த பட்டனாலேயே அணையுங்கள். ஹெட் தானே கேப்பில் உட்காரும். காலையில் ஒரே ஒரு கிளீனிங், பிறகு நோசில் செக். கடை மூடும்போது சுவர் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். வேலை நடுவில் மின்சாரம் போனால் ஹெட் மூடாமலே நின்றுவிடும். ஏர்கோன் காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். வாரம் ஒரு தாளாவது எல்லா கலரும் ஓடட்டும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். போத்தல் மினரல் வாட்டர் வேண்டாம். அதிலுள்ள உப்பு நோசிலில் தங்கும். குழாய்த் தண்ணீரும் ஆகாது. ஆல்கஹால் பட்டால் சில பிக்மென்ட் இங்க் (நுண்துகள் கலந்த இங்க்) திரிந்த பாலாகக் கட்டிப்போகும். சிரிஞ்சால் ஹெட்டுக்குள் திரவத்தை அழுத்தி ஏற்றவே ஏற்றாதீர்கள். எப்சன் ஹெட்டின் உள் அறைகள் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

கழற்றக்கூடிய ஹெட் உள்ள கேனன் மாடல் என்றால் வேலை சுலபம். தட்டையான தட்டில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, நோசில் பக்கம் மட்டும் நனையும்படி வையுங்கள். மின் தொடுமுனைகளில் ஒரு சொட்டும் படக்கூடாது. எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உலரட்டும். ஈரத்தோடு மாட்டினால் ஹெட்டோடு மெயின் போர்டும் சேர்ந்து போகலாம்.