பழைய பிரிட்டிஷ் நோட்டு கிடைத்தால் இஸ்திரி போடாதீர்கள்

இறந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது பைபிளின் நடுவில், படச்சட்டத்தின் பின்அட்டைக்குள், பிஸ்கட் டின்னின் அடியில் என்று பிரிட்டனில் பழைய நோட்டுகள் இன்னும் அகப்படுகின்றன. எடுத்தவர்கள் உடனே ஈரத்துணியால் துடைப்பார்கள், இஸ்திரி போடுவார்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவார்கள். மூன்றுமே விலையைக் கெடுக்கும் வேலை.

மடித்த இடத்தில் காகிதத்தின் நார் முறிந்துவிடுகிறது. இஸ்திரி போட்டால் மடிப்பு மறைந்தாற்போலத் தோன்றும், முறிந்த நார் சேராது. புதுத்தாளின் விறைப்பும் மையின் மேடும்தான் தட்டையாகிப் போகும். விவரம் தெரிந்தவர் நோட்டை வாங்கியதும் விளக்குக்குச் சாய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். டேப்பின் பசையோ சில ஆண்டுகளில் பழுப்பேறி காகிதத்துக்குள் இறங்கிவிடும். எடுக்கப் போனால் அச்சும் கூடவே உரியும்.

கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து எடுங்கள். நாலாக மடித்திருந்தால் ஒருமுறை மெல்லப் பிரியுங்கள், எதிர்ப்பக்கம் மடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து, தொடரெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலியெஸ்டர் உறையில் இடுங்கள். மலிவான பிவிசி உறை வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசிந்து நோட்டில் பிசுபிசுப்பாகப் படியும். லேமினேட் செய்தால் கதை முடிந்தது.

அடுத்து நிறத்தையும் கையொப்பத்தையும் பாருங்கள். 1914இல் போர் தொடங்கியபோது அவசரமாக அச்சான ஒரு பவுண்டு, பத்து ஷில்லிங் நோட்டுகள் பிரிட்டிஷ் அரசுக் கருவூலத்துடையவை. அவற்றில் கருவூல உயரதிகாரி ஜான் பிராட்பரியின் கையொப்பம் இருக்கும். பிரிட்டனின் மைய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து அந்த இரண்டு மதிப்பிலும் சொந்த நோட்டு வெளியிட்டது 1928இல்: பவுண்டு பச்சை, பத்து ஷில்லிங் செம்பழுப்பு. 1940இல் ஜெர்மனி கள்ளநோட்டு அடிக்கக்கூடும் என்ற அச்சத்தில் பவுண்டு நீலமாகவும் பத்து ஷில்லிங் ஊதாவாகவும் மாறின. காகிதத்துக்குள் உலோக இழையும் வந்தது. 1948இல் பவுண்டு மீண்டும் பச்சையானது. ஆகவே நீலப் பவுண்டு கிடைத்தால் அது போர்க்காலத்தையோ அதையடுத்த ஓரிரு ஆண்டுகளையோ சேர்ந்தது. எலிசபெத் அரசியின் முகம் பவுண்டில் 1960இலும் பத்து ஷில்லிங்கில் 1961இலும்தான் வருகிறது.

அரசி முகம் போட்ட கசங்கிய நோட்டுகள் ஏராளம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதே பவுண்டில் தொடரெண் 'எம்' எழுத்தில் தொடங்கினால், அச்சில் கெட்டுப்போன தாளுக்கு மாற்றாக வைத்த நோட்டு அது. பின்பக்கம் சின்னதாக 'ஜி' இருந்தால் கோபெல் என்ற அச்சு எந்திரத்தில் அச்சானது; 'ஆர்' என்றால் சோதனை அச்சு, மிக அரிது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் ஒரு பக்கம் மட்டும் அச்சான பெரிய ஐந்து பவுண்டு நோட்டைச் சிலர் ஏதோ பழைய ரசீது என்று நினைத்துவிடுகிறார்கள். 1957 வரை ஐந்து பவுண்டு இப்படித்தான் இருந்தது. பின்பக்கம் யாரோ பெயர் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். கொடுப்பவரிடம் கடைக்காரர்கள் கையெழுத்து கேட்டு வாங்கிய காலம் அது. போரின்போது சாக்சன்ஹௌசன் வதைமுகாமில் கைதிகளை வைத்து நாஜிகள் அடித்த கள்ளநோட்டுகளும் இந்த வெள்ளை வகைதான். அவ்வளவு நேர்த்தியானவை என்பதால் நிபுணரிடம் காட்டாமல் விற்கவோ வாங்கவோ கூடாது.

கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆக 240 பென்னி. அணாவுக்கு 12 பை, ரூபாய்க்கு 16 அணா என்று புழங்கிய நம் தாத்தாக்களுக்கு இது புதிராக இருந்திருக்காது. 1971 பிப்ரவரி 15 முதல் பவுண்டுக்கு 100 புதுப் பென்ஸ். எனவே பத்து ஷில்லிங் என்பது 10 பென்ஸ் அல்ல, 50 பென்ஸ். பழைய விலைச்சீட்டில் '12/6' என்றிருந்தால் 12 ஷில்லிங் 6 பென்னி, இன்றைய 62½ பென்ஸ். ஆறு பென்னிக் காசு 2½ பென்ஸாக 1980 வரை செல்லுபடியானது. கினி என்றால் 21 ஷில்லிங். நாணயம் 1814க்குப் பின் அடிக்கப்படாவிட்டாலும் டாக்டர், வக்கீல் கட்டணமெல்லாம் பல காலம் கினியில்தான் சொல்லி வந்தார்கள். அதன் இடத்துக்கு வந்த சாவரின் ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்கக்காசு, 22 காரட், 7.98 கிராம். நம் நகைக்கடையில் 'ஒரு பவுன்' என்பது அந்தக் காசின் எடைதான்.

டின்னில் காசுகளும் இருந்தால் ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். ஆறு பென்னி, ஷில்லிங், ஃபுளோரின் (2 ஷில்லிங்), அரை கிரவுன் (2½ ஷில்லிங்) ஆகியவற்றில் 1920க்கு முந்தியவை 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947 முதல் வெள்ளியே கிடையாது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், கருமை அப்படியே இருக்கட்டும்.

பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் பழைய நோட்டுகளுக்குக் கெடுவே வைப்பதில்லை. எத்தனை ஆண்டு ஆனாலும் முகமதிப்பைத் தரும். லண்டன் திரெட்நீடில் தெருவில் நேரிலோ, படிவமும் அடையாளச் சான்றும் வைத்துத் தபாலிலோ மாற்றலாம். பழைய காசுகளை அங்கே மாற்ற முடியாது. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து நோட்டுகளை அச்சிட்ட வங்கியிடம்தான் கேட்க வேண்டும். தபாலில் தொலைந்தால் பொறுப்பு அனுப்பியவருடையது. கள்ளநோட்டு என்று கண்டால் காசும் வராது, நோட்டும் திரும்பாது. அதனால் நிறம், கையொப்பம், தொடரெண் மூன்றையும் பார்க்காமல் தபால் உறையை ஒட்டாதீர்கள். நல்ல நிலையிலுள்ள ஒரு பத்து ஷில்லிங்கைச் சேகரிப்பாளர் எவரும் 50 பென்ஸுக்குக் கொடுக்க மாட்டார்.